கரையோர வேடரும் அவரைக் காணச் செல்வோரும்

மட்டக்களப்புக்கு வரும் வெளியூரார் காண விழையும் இடங்கள் யாவை என வினவின், விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். புளியந்தீவில் 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கட்டி, பத்தாண்டுகளின் பின் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை, கல்லடிப் பாலம், நிறைமதி நாளில் அப்பாலத்தருகே தோணியிற் சென்று துடுப்பைக் காதில் வைத்துக் கேட்கும் பாடுமீனின் ஒலி, முகத்துவாரத்து வெளிச்சவீடு, மாமாங்கேசுவரர் கோயிலும் அதன் தீர்த்தக்குளமும். இவற்றைப்பற்றி, சிறப்பாகப் பாடுமீனைப்பற்றி, கல்லூரி மலர்களிற் பலர் பலகால் எழுதிவிட்டனர். மீனுக்கும் சிறிது ஓய்வு வேண்டும். யான் இங்கு விளக்க எடுத்துக்கொண்டது நகரினின்று வடக்கு நோக்கிச் செல்லும் சாலையையும், அதன் இருமருங்கும் வாழ்கின்ற, ஆயினும் அவ்வழிச் செல்வோர் கண்ணிற் படாத ஒரு மக்கட் கூட்டத்தையும்.

ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி என ஊர்கள் நெருங்கிவரும் இச்சாலை, அதன்பின் தன் இயல்பை மாற்றிக்கொள்கின்றது. வயல்கள் அருகுகின்றன, பற்றைக்காடும் வெண்மணலும் பெருகுகின்றன. காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி எனக் 'கேணி' என்னும் சொல்லில் முடியும் ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மழை ஐப்பசி தொடங்கித் தை வரையிற் கொட்டித் தீர்த்து, ஏனைய மாதங்களில் ஏறத்தாழ முற்றாக மறைந்துவிடும் நிலத்தில், நீர் நின்ற இடமே ஊர் நின்ற இடமாயிற்று என்பதை இப்பெயர்களே உணர்த்தும். பனிச்சங்கேணி வாவியைக் கடந்தால் வாகரை. அதற்கப்பால், பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமக் கல்லறைகள் காணப்பட்ட கதிரவெளி. அதற்கும் அப்பால் மகாவலியின் கிளையாறு கடலொடு கலக்கும் வெருகல். நகரினின்று வாகரை ஏறக்குறைய நாற்பது மைல். துறைதோறும் பாதைக்குக் காத்துக் கிடந்த காலத்தில் ஒரு பகலை விழுங்கிய இப்பயணம், இன்று பாலங்கள் அமைந்தபின் காலையுணவுக்கும் மதியவுணவுக்கும் இடையில் முடிந்துவிடுகின்றது. விரைவு பெருகியதனால் வழியிற் காணப்படுவனவும் குறைந்துவிட்டன.

இவ்வழியிற் கிரானை அண்மித்து மேற்கே நோக்குவார்க்குத் தொலைவில் ஒரு தனிக்குன்று தோன்றும். நம்மவர் அதனைக் குடும்பிமலை என்பர். உச்சியில் நிமிர்ந்து நிற்கும் பாறை, முடிந்த குடும்பியை ஒத்திருத்தலின் அப்பெயர் பொருத்தமானதே. சிங்கள மக்கள் அதனைத் தொப்பிகல என்பர். தொப்பிக்கல் என்பது பொருள். கடல்வழி வந்த ஆங்கிலேயரோ தம் நாட்டுப் பிரபுவின் தலையணியை அதிற் கண்டு 'பரன்ஸ் கேப்' எனத் தம் படங்களிற் பொறித்தனர். கலங்கரை விளக்கம் இல்லாத கரையில், மாலுமிகட்குத் திசைகாட்டியாய் உதவியவை இத்தகைய குன்றுகளே. ஒரே பாறை, ஒருவர் கண்ணுக்குக் குடும்பி, ஒருவர் கண்ணுக்குத் தொப்பி. காண்போர் தம் தலையில் உள்ளதையே மலையின் தலையிலும் கண்டனர் போலும்.

இக்குன்று எவ்வாறு தனித்து நின்றது என்பதை மாணவர் அறிதல் நன்று. எரிமலையொன்று எழுந்து ஆறியதாற் பிறந்ததன்று இது. பல்லாயிரம் நூற்றாண்டுகளாக மழையும் வெயிலும் காற்றும் சூழவுள்ள மெலிந்த பாறைகளைச் சிதைத்து, ஆறுகள் அச்சிதைவை அள்ளிக் கடலிற் சேர்க்க, இறுகிய படிகப்பாறை மாத்திரம் எஞ்சி நின்றது. சமவெளி தாழ்ந்ததேயன்றி மலை உயர்ந்ததன்று. இவ்வகை அரிப்பின் விளைவாக எஞ்சிய நிலவுருக்கள் உலகின் வறண்ட நாடுகள் பலவற்றில் உள. அவற்றுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென்மேற்கில், நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் உள்ள அக்கோமா மேடு. அங்கு மணற்கல் அடுக்கடுக்காய் அமைந்திருத்தலின், எஞ்சிய பாறை நம் குடும்பிமலைபோற் கூர்ந்து நில்லாமல், மேசைபோல் உச்சி தட்டையாகிப் பக்கங்கள் செங்குத்தாகி ஏறத்தாழ 365 அடி உயர்ந்து நிற்கின்றது. நம்மூரில் ஆண்டொன்றுக்கு அறுபது அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும். அங்குப் பெய்வது பத்து அங்குலமளவே. அத்தகைய பாலையில், அம்மேட்டின் உச்சியில், பல நூற்றாண்டுகளாக ஓர் ஊர் இருந்து வருகின்றது. அவ்வூரையும் அதனைப் போன்ற பிற ஊர்களையும் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் வடசாலையில் நாம் செய்யும் பிழையை அங்கு விருந்தினர் செய்ய அம்மக்கள் விடுவதில்லை.

'பியூப்ளோ' என்பது இசுப்பானிய மொழியில் ஊர் எனப் பொருள்படும் சொல். 1540ஆம் ஆண்டிற் பொன்னைத் தேடி அப்பாலையுட் புகுந்த இசுப்பானியர், அங்கு அலைந்து திரியும் மக்களையன்றி, மண்ணாலும் கல்லாலும் அடுக்கு வீடுகள் கட்டிச் சோளம் பயிரிட்டு நிலைத்து வாழும் மக்களைக் கண்டு, அவர்க்கு அப்பெயரை இட்டனர். நியூ மெக்சிக்கோவில் இன்று அத்தகைய சமுதாயங்கள் பத்தொன்பது உள. அரிசோனாவில் ஹோப்பி மக்கள் உளர். 1680ஆம் ஆண்டில் இவ்வூர்களுட் பெரும்பாலானவை ஒருங்கெழுந்து இசுப்பானியரை நாட்டைவிட்டே துரத்தின. பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரே அவர் மீண்டு வர முடிந்தது. அதன்பின் கத்தோலிக்க சமயமும் நின்றது. மழைக்கும் சோளத்துக்கும் உரிய பழைய ஆடல்களும் நின்றன. புனிதர் திருநாளிற் பூசை முடிந்ததும், அதே முற்றத்தில் முன்னோர் ஆடிய ஆட்டம் தொடங்கும். அன்று வீட்டுக் கதவுகள் திறந்திருக்கும். அழைக்கப்பெற்ற விருந்தினர் உள்ளே அமர்ந்து உண்ணலாம். ஆயினும் 'கிவா' எனப்படும் வழிபாட்டுக் கூடத்துட் பிறர் புகலாகாது. ஊரார் அனுமதியின்றிப் படம் எடுத்தல் கூடாது. திருநாள் ஆடலைப் படம் எடுத்தலோ பல ஊர்களில் அறவே இல்லை. அக்கோமா மேட்டின்மீது வழிகாட்டியின்றி ஒருவரும் செல்லலாகாது. தாவோசு என்னும் ஊர், 1992ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஆயினும் ஆண்டில் சில வாரங்கள் தன் சடங்குகளுக்காக வெளியார்க்குத் தன்னை அடைத்துக்கொள்கின்றது. காணத்தக்க இடம் ஒன்று உளது எனின் அதனைக் காட்டும் உரிமை உடையார் ஒருவர் உளர் என்பது அங்கு எழுதப்பட்ட விதி.

இடைப்பட ஒன்று: ஹோப்பி, சூனி, அக்கோமா ஆகிய மக்களிடையே குலம் தாய்வழி வருவது. மட்டக்களப்புக் குடிமுறையும் தாய்வழியது என்பதும், வீடு மகளுக்கே செல்வதும் நாம் அறிந்தவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நாடுகளில் ஒரே முறை அமைந்தமை வியப்பே. ஆயினும் அது வேறொரு கட்டுரைக்குரியது.

இனி நம் சாலைக்கு மீள்வோம். ஏறாவூருக்கு வடக்கே களுவன்கேணி தொடங்கி, மாங்கேணி, குஞ்சன்குளம், பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி, கட்டுமுறிவு எனத் தொடர்ந்து, வெருகலைக் கடந்து மூதூர்ப்புறம் வரையில் வாழும் மக்களுட் பலர் தம்மை வேடர் எனவும் வேடர் வழியினர் எனவும் கூறுவர். ஆராய்ச்சியாளர் இவர்களைக் கரையோர வேடர் என்பர். இவர் பேசுவது தமிழ். தொழில் ஒன்றன்று. வாவியில் வீச்சுவலை கொண்டு மீனும் இறாலும் பிடிப்பர். கரைவலைக்குக் கூலியாகச் செல்வர். மழைக்கு முன் சேனை வெட்டிச் சோளம், குரக்கன், கச்சான், மரவள்ளி இடுவர். பருவத்திற் காட்டுக்குச் சென்று தேன் எடுப்பர். காடும் வாவியும் கடலும் ஓரிரு மைல் இடைவெளியில் அமைந்த இந்நிலத்தில், ஆண்டின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொன்று சோறு தரும். ஒன்றையே நம்பியவன் பட்டினி கிடப்பான். இத்தொழிற் கலப்பை நாகரிகத்தின் தேய்வு என எழுதினோர் உளர். எனக்கு அது வறண்ட நாட்டில் வாழக் கற்றோரின் அறிவாகவே படுகின்றது.

இவ்வளவும் இன்று தெளிவாக எழுதும் யான், சில ஆண்டுகளின் முன்னர் இதனை அறிந்திருந்தேன் எனக் கூறின் அது பொய்யாகும். ஒருநாள் எட்டாம் வகுப்பிற் பழங்குடி மக்களைப்பற்றிய பாடம் நடத்தினேன். வில், அம்பு, தோளிற் கோடரி, குகை வாழ்க்கை, தேனில் ஊறவைத்த இறைச்சி என யான் நூல்களிற் படித்தவற்றை எல்லாம் உற்சாகத்தோடு கூறி, "இன்று இவர்கள் எங்கு உளர்?" என வினவினேன். "மகியங்கனைக்கருகே தம்பானையில்" என மாணவர் ஒருமிக்க விடை இறுத்தனர். நன்று என்றேன். வாகரைப்புறத்திலிருந்து வந்து உறவினர் வீட்டிலே தங்கிப் படித்த ஒரு மாணவன் மாத்திரம் வாய் திறக்கவில்லை. அவன் என்றும் அடக்கமானவன். ஆதலின் யான் கவனிக்கவில்லை. ஒரு கிழமைக்குப்பின் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். "சேர், நீங்க சொன்ன மாதிரி ஒருத்தரும் எங்கட ஊரில இல்ல. ஆனா எங்கட அம்மப்பா வேடர்தான். அவர் றால் பிடிக்கிறவர்." வகுப்பிற் பிள்ளைகள் அவனைக் கேலி செய்திருந்தனர் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கேலிக்கு வேண்டிய சொற்களை எல்லாம் கொடுத்தவன் யானே. இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் என்னை அவ்வாறு நாணச் செய்த வினாத்தாள் வேறொன்று இல்லை.

அதன்பின்னரே தொகைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தேன். இலங்கைக் குடிசன மதிப்பில் வேடர் தனி இனமாகக் கணக்கிடப்பட்டு வந்தனர். 1946ஆம் ஆண்டில் அவர் தொகை 2,361. 1953ஆம் ஆண்டில் 803. 1963ஆம் ஆண்டில் 400. அதற்கடுத்த மதிப்பில் அவர்க்குத் தனி நிரலே இல்லாதொழிந்தது. ஏழு ஆண்டுகளில் ஒரு மக்கட் கூட்டத்தில் மூன்றிலிரு பங்கு மறைதல் வேண்டுமெனின், பெரும் பஞ்சமோ கொள்ளைநோயோ நிகழ்ந்திருத்தல் வேண்டும். அந்த ஏழாண்டுகள் மலேரியா ஒடுக்கப்பட்டு நாடெங்கும் இறப்பு வீழ்ச்சியுற்ற ஆண்டுகள். ஆகவே இறந்தவர் மக்களல்லர்; நிரலின் பெயரே இறந்தது. எண்ணுவோன் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்பொழுது, தமிழ் பேசுவோன் தமிழன் எனவும், சிங்களம் பேசுவோன் சிங்களவன் எனவும் எழுதப்பட்டான். வேடன் என்னும் சொல் பிறர் வாயில் வசைச்சொல்லாய் இருந்தமையால், எழுதப்பட்டோனும் மறுத்துரைத்திலன். பின்னர் அக்கணக்கைப் படித்தோர், வேடர் அருகி அழிகின்றனர் என இரங்கி நூல் எழுதினர். யான் வகுப்பிலே கூறியதும் அவ்விரக்கத்தின் ஒரு துளியே.

அறிஞர் கண்ணும் இதில் முற்றும் பிழையற்றது என்று சொல்வதற்கில்லை. சார்ல்ஸ் செலிக்மனும் அவர் மனைவியார் பிரெண்டாவும் எழுதி 1911ஆம் ஆண்டில் வெளியான 'த வெத்தாஸ்' என்னும் நூல் இத்துறையின் மூலநூல். அதிற் கரையோர வேடரைப்பற்றியும் எழுதினர். ஆனால் அவர்கள் தேடி வந்தது கலப்பற்ற பழமை. காட்டுட் கற்குகையில் வாழும் குடும்பத்தைக் கண்டபொழுது அவர் எழுத்தில் தோன்றும் ஊக்கம், தமிழ் பேசி மீன் பிடிக்கும் மக்களிடம் வந்தபொழுது இல்லை. எனினும் கண்டதை ஒளியாது எழுதும் நேர்மை அவர்களிடம் இருந்தது. கரையோர வேடர் கப்பற்பேய் என்னும் ஆவிகளுக்கு ஆடும் வழக்கத்தை அவர்களே பதிவு செய்தனர். அதன் பொருளை யான் உணர்ந்தது பின்னர். யோன் டார்ட் என்பார் எழுதி 1990ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பு நூலில் வெளியான கட்டுரையே கரையோர வேடரைத் தனிப்பொருளாகக் கொண்டது. முதல் நூலுக்கும் இக்கட்டுரைக்கும் இடையில் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழிந்தன.

நூல்கள் மறந்ததை நம் கோயில்கள் மறக்கவில்லை. அல்லது பாதி மறந்தன எனலாம். வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். அங்கே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் வரலாறு கேட்டார், தேன் தேடிச் சென்ற வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தை வெட்ட, வெட்டுவாயிற் குருதி பெருகக் கண்டு அஞ்சித் துணியால் மூடினான் என்பதையும், அங்கே இலிங்கம் வெளிப்பட்டது என்பதையும் கேட்டிருப்பர். மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில், தில்லைமரத்தடியில் வேலை வைத்து முதலில் வழிபட்டோர் வேடர் என்பது மரபு. இன்றும் அங்குக் கப்புகனார் வாயைத் துணியாற் கட்டி, மந்திரமின்றி, கதிர்காமத்திற் போலவே பூசை செய்கின்றார். ஆகமம் வருமுன் இருந்த வழிபாட்டு முறை அது. கதிர்காமக் கந்தனோ வேடர் குலத்து வள்ளியை மணந்தவன். இவ்வாறு நம் பெருங்கோயில் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு வேடன் நிற்கின்றான்; கதையின் முதற் பக்கத்தில் இறைவனைக் கண்டு நம்மிடம் கொடுத்துவிட்டு, இரண்டாம் பக்கத்திற் காணாமற் போகின்றான்.

வடக்கே செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் வழியாக வந்து, மட்டக்களப்பைக் கடந்து, திருக்கோவில், பொத்துவில், உகந்தை ஊடாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரை அடியார்கள் நடப்பதும் இவ்வாகரைச் சாலையிலேயே. போரினால் நெடுங்காலம் தடைப்பட்டிருந்த அந்நடை மீண்டும் நிகழ்கின்றது. வள்ளியம்மையை வாயாரப் பாடிக்கொண்டு அவ்வடியார்கள் கடந்து செல்லும் வேலியோரங்களில், அவள் குலத்தார் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் தண்ணீர்ப் பானையோடு நிற்கின்றனர் என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீரைப் பருகி நடந்துவிடுகின்றனர்.

நிலத்தைப்பற்றியும் ஒருசொல் கூறல் வேண்டும். சடங்கைக் காணச் செல்வோர் அச்சடங்கு எங்கே நிகழ்கின்றது என்பதை எண்ணுவதில்லை. உள்நாட்டு வேடரின் வேட்டைக் காடுகள் 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயாத் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டன. தம்பானை வேடருட் பல குடும்பங்கள் கெனானிகலவிற் குடியேற்றப்பட்டன. கரையோரத்துக்கு வந்த இழப்பு வேறுவகையானது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் புகுந்து வீடுகளை வாரிச்சென்றது. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் நடந்த போரில் வாகரைப்புறத்து மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். குடும்பிமலைக் காடுகள் நெடுங்காலம் படையினரின் நிலமாய், பிறர் புக இயலாதனவாய் இருந்தன. மீண்டு வந்தபொழுது, பாட்டன் சேனை வெட்டிய இடம் தமது என்பதற்கு உறுதி காட்டுக எனின், அவர்கள் எதனைக் காட்டுவர்? இங்கேதான் தாவோசு மக்களின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. அவர்கள் தெய்வமாகப் போற்றிய நீலவாவி, 1906ஆம் ஆண்டில் அரசினால் வனநிலமாகக் கொள்ளப்பட்டது. ஈடாகப் பணம் தர முன்வந்தபொழுதும் ஏலாமல், அறுபத்துநான்கு ஆண்டுகள் வழக்காடி, 1970ஆம் ஆண்டில் அவ்வாவியையும் சூழ்ந்த 48,000 ஏக்கரையும் மீளப் பெற்றனர். உறுதியின்றியும் உரிமை உண்டு என ஒரு பேரரசு சட்டமியற்றி ஒப்பிய நிகழ்ச்சி அது.

அம்மாணவனின் பாட்டனார் ஒரு வெயிற்காலத்தில் என்னைத் தம்மூர்ச் சடங்குக்கு அழைத்தார். பனிச்சங்கேணிக்கு வடக்கே, வாவியும் காடும் சந்திக்கும் வெளியொன்றில் இலைகுழையாற் பந்தலிட்டிருந்தனர். கல்லாற் கட்டிய கோயில் இல்லை. சடங்கு முடிந்ததும் பந்தலும் அழிந்துவிடும். மறைந்த மூதாதையரை உத்தியாக்கள் என அழைத்துப் போற்றுதலும், குமார தெய்வம், மாறா தெய்வம் முதலிய தெய்வங்களை ஆடி அழைத்தலும் இரவு முழுதும் நிகழ்ந்தன. தெய்வம் ஏறியோர் வாயில் வந்த சொற்களுட் பல எனக்கு விளங்காதவை. நாளாந்தம் தமிழே பேசும் இம்மக்களிடத்து, பழைய வேடமொழியின் எச்சம் தெய்வத்தின் வாயில் மாத்திரம் தங்கியிருக்கின்றது. உள்நாட்டு வேடர் இறந்த உறவினரின் ஆவியை அழைத்துப் போற்றுவதாகச் செலிக்மன் தம்பதியர் விரித்தெழுதியதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை, மொழி வேறுபாட்டையும் தாண்டி, அன்றிரவு கண்ணாற் கண்டேன்.

யான் எங்கு இருத்தல் வேண்டும் என்பதைப் பாட்டனார் முதலிலேயே காட்டிவிட்டார்: பந்தலுக்கு வெளியே, பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்த பாய்க்கருகே. கையடக்கத் தொலைபேசியைப் பையில் வைக்கச் சொன்னார். தட்சிணையாகக் கொண்டுசென்ற வெற்றிலை பாக்கையும் சிறு தொகையையும் அவர் தாம் வாங்காது, ஊர்ப் பொதுவில் வைக்குமாறு கூறினார். கேள்விகள் எல்லாம் மறுநாட் காலையில் என்றார். கிவாவின் வாயிலில் நிறுத்தப்பட்ட விருந்தினனுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. நிறுத்தப்பட்டதனால், பார்த்தது குறைந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

காலையில் அவர் வாவிக்கரையில் வலையைப் பிரித்துக் கிளிஞ்சலும் குப்பையும் தட்டிக்கொண்டிருந்தார். யான் இத்தனை படித்த பின்னும், வாயில் முதலில் வந்த கேள்வி பழைய கேள்வியே: பாட்டனார் காலத்து வில் ஏதேனும் வீட்டில் இருக்கின்றதா என்றேன்.

"வில்லக் கேட்டு வாற ஆக்கள் கன பேர் மாஸ்டர்," என்றார். "வலையப் பத்தி ஒருத்தரும் கேக்கிறல்ல."

சிறிது நேரம் வாளா இருந்து, இரவில் ஆடிய தெய்வங்களுட் கப்பல் தெய்வம் என ஒன்று வந்ததே, அது யாது என்றேன். கடலால் வந்து கரையில் இறந்தோர் எனத் தம் தாய்மாமன் சொல்லக் கேட்டதாகவும், அதற்கு மேல் அறியாரெனவும் கூறினார். பின்னர் வலையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாங்க காட்டுக்குள்ளயே இருந்த ஆக்கள் எண்டா, எங்களுக்கு ஏன் மாஸ்டர் கப்பல் தெய்வம்?"

1911ஆம் ஆண்டின் நூலில் அச்செய்தியை யான் படித்திருந்தேன். அக்கேள்வியை அந்நூலும் கேட்கவில்லை, யானும் கேட்டதில்லை. கரையோர வேடர் காட்டினின்று துரத்தப்பட்டு அண்மையிற் கடற்கரைக்கு வந்தோர் என்பது பலர் கருத்து. அவ்வாறாயின், கரையில் உடைந்த கப்பல்களின் நினைவு, மூதாதையரோடு ஒருங்கு வைத்து அழைக்கத்தக்க பழமை உடையதாய் அவர்களிடம் எவ்வாறு அமைந்தது? இதனை ஆராயும் தகுதி எனக்கில்லை. வரலாறு கற்கும் மாணவர் எவரேனும் இதனை எடுத்துக்கொள்வாராயின், வாகரைக்குச் செல்லும் பேருந்து நாள்தோறும் உண்டு. ஊருக்குட் போய், சடங்கு நடத்தும் கப்புகனார் வீடு எது எனக் கேட்டல் வேண்டும். முன்னறிவித்துச் செல்லல் வேண்டும். மழைக்காலத்தில் இறால் தொழில் மிகுதி; அக்காலத்திற் பேச ஓய்விராது.

அதே பாடத்தைச் சென்ற ஆண்டு மீண்டும் நடத்தினேன். இம்முறை வில்லையும் அம்பையும் வரையாது, கரும்பலகையில் வடசாலையை நீளக் கோடாக இழுத்து, ஒருபுறம் கடலையும் மறுபுறம் குடும்பிமலையையும் வைத்து, ஊர்களை ஒவ்வொன்றாகக் குறித்தேன். அம்மாணவன் இப்பொழுது உயர்தர வகுப்பில் இருக்கின்றான். அவ்வழியாற் சென்றவன் வாயிலில் நின்று பார்த்து, அனுமதி கேட்டு உள்ளே வந்தான். குஞ்சன்குளத்தை யான் சாலையோரத்திற் குறித்திருந்தேன். அதனை அழித்து, இன்னும் மேற்கே, காட்டை ஒட்டிக் குறித்துவிட்டுச் சென்றான்.